பதின்மூன்று மணி அடிக்கும் கடிகாரமும் மாடிவீட்டு அம்மாவும்

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து, கொஞ்ச நாள் படிக்கக் கூடாது, டிவியும் வேண்டாம் என்று ஆனபோது, சாயங்காலம் சொட்டு மருந்து போட்டதும் "ஏதாவது வாசிச்சுக் காட்டேன்" என்று கேட்க ஆரம்பித்தார். வீட்டில் இருந்த வார இதழ்கள் மூன்றே நாளில் தீர்ந்தன. அப்புறம் எனக்காக நான் வாங்கி வைத்திருந்த ஒரு ஆங்கிலச் சிறுவர் நாவலை எடுத்து, ஒவ்வொரு பத்தியாகப் படித்து அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். 'டாம்ஸ் மிட்நைட் கார்டன்'. ஃபிலிப்பா பியர்ஸ் எழுதியது, 1958ல் வந்தது, அந்த வருடத்துக்கான கார்னகி பதக்கம் வாங்கியது. பிரிட்டனில் சிறுவர் இலக்கியத்துக்குக் கொடுக்கும் பெரிய மரியாதை அது.

பதினொரு வயதில் பள்ளி நூலகத்தில் எடுத்து ஒரு தடவை படித்திருக்கிறேன். அப்போது மனதில் நின்றது இரண்டே விஷயம்: பதின்மூன்று தடவை அடிக்கும் கடிகாரம், கதவைத் திறந்தால் இருக்கக் கூடாத ஒரு தோட்டம். இப்போது நாற்பத்தாறு வயதில் படித்தபோது அந்த இரண்டும் அப்படியே இருந்தன, ஆனால் கதை வேறு ஒருவருடையதாக மாறியிருந்தது. சின்ன வயதில் நான் முழுக்க டாமோடுதான் போனேன். இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் காதை மாடிப் பக்கம் வைத்துக்கொண்டே படித்தேன். அங்கே ஒரு வயதான அம்மா தனியாக இருக்கிறார், யாருமே அவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்வதில்லை, புத்தகம் பாதிக்கு மேல் அவரை ஒரு ஓரத்தில்தான் நிறுத்தி வைத்திருக்கிறது.

கதையின் தொடக்கம் இதுதான். டாமின் தம்பி பீட்டருக்கு மணல்வாரி அம்மை. அது ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகக் கோடை விடுமுறை ஆரம்பித்த நேரத்தில் டாமை ஆலன் சித்தப்பா, க்வென் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். (மாமா அத்தையா, சித்தப்பா சித்தியா என்பது ஆங்கிலத்தில் தெரியாது, அம்மாவுக்கு ஒரு உறவு சொல்லியாக வேண்டுமே என்று நானே வைத்துக்கொண்டேன்.) பையன்கள் இருவரும் அந்த விடுமுறையில் தங்கள் வீட்டு ஆப்பிள் மரத்தில் பரண் கட்டத் திட்டம் போட்டிருந்தார்கள். அது போச்சு. டாம் பின்வாசல் படியில் நின்று அழுகிறான், அது கோபத்தில் வரும் அழுகை. போய்ச் சேரும் இடமோ ஒரு பெரிய பழைய வீட்டைக் கூறு போட்டு வாடகைக் குடியிருப்புகளாக ஆக்கிய கட்டடம். தோட்டம் கிடையாது. பின்பக்கம் குப்பைத்தொட்டிகள், ஒரு கார், அவ்வளவு இடம். அம்மைக்குப் பயந்து வெளியே எங்கேயும் அனுப்பவும் மாட்டார்கள்.

அம்மா இந்த இடத்தில் கதையை நிறுத்தச் சொன்னார். "அம்மை போட்ட வீட்டுலேர்ந்து வந்த பிள்ளைய வேற வீட்டுல வச்சுக்கிட்டாளே, நல்ல மனசு" என்றார். நான் அதுவரை அந்தச் சித்தியை நினைத்தே பார்க்கவில்லை. குழந்தை இல்லாத தம்பதி அவர்கள். வீட்டுக்கு ஒரு பையன் வருகிறான் என்றதும் க்வென் சித்தி க்ரீமும் கேக்குமாகச் சமைத்துக் குவிக்கிறாள். உடம்புக்கு ஓடியாடும் வேலையே இல்லாமல் இவ்வளவையும் தின்றுவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் புரண்டு கிடப்பதால்தான் டாம் அந்தக் கடிகாரச் சத்தத்தையே கேட்கிறான். கதையின் மாயம் முழுவதும் ஒரு பெண்ணின் ஆசையான சமையலில் இருந்து கிளம்புகிறது என்பது பதினொரு வயதில் எனக்கு எங்கே புரிந்தது? அந்த வயதில் அவள் நச்சரிக்கிற பெரியவள், அவ்வளவுதான். ஆலன் சித்தப்பா இன்னும் மோசம், ராத்திரி ஒன்பது முதல் காலை ஏழு வரை பத்து மணி நேரம் படுக்கையில் இருக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொள்கிறவர். ஆனால் அந்தச் சத்தியத்தை டாம் தாண்டும் விதம் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கிறது. கடிகாரம் பதின்மூன்று அடித்தால் அது யார் கணக்கிலும் இல்லாத ஒரு கூடுதல் மணி நேரம், அதில் எழுந்து போனால் சத்தியத்தை மீறியதாகாது என்று அவன் தனக்குள்ளேயே நியாயம் பேசி முடிக்கிறான்.

கீழே ஹாலில் நிற்கும் அந்த ஆளுயரக் கடிகாரம் மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா திருமதி பார்த்தலோமியோவுடையது. முள் சரியான நேரம் காட்டும், மணி மட்டும் தப்பும் தவறுமாக அடிக்கும். வேறு இடத்துக்கு மாற்றவும் முடியாது, சுவரோடு பிடித்திருக்கும் திருகாணிகள் துருவேறி இறுகிப்போயிருக்கின்றன. சாவி கொடுக்க அந்த அம்மா மட்டும்தான் மாடியில் இருந்து இறங்கி வருவார். குடியிருப்பவர்களுக்கு அவரைக் கண்டால் பயம், கொஞ்சம் எரிச்சல்.

இரவில் அந்தக் கடிகார முகத்தைப் பார்க்க நிலா வெளிச்சம் வேண்டும் என்றுதான் டாம் பின்கதவைத் திறக்கிறான். குப்பைத்தொட்டிகள் இருக்க வேண்டிய இடத்தில் புல்வெளி, பூப்பாத்திகள், வானத்தைத் தொடும் ஒரு ஃபிர் மரம். மறுநாள் காலையில் அவன் சித்தி சித்தப்பாவிடம் கோபமாக, நேராகச் சொல்லாமல், சுற்றி வளைத்து, இப்படி ஒரு தோட்டத்தை வைத்துக்கொண்டு என்னிடம் மறைப்பது நியாயமா என்ற தொனியில், ஹயசிந்த் பூ இருந்தால் எவ்வளவு அநியாயம் என்று ஆரம்பிக்கிறான். சித்தியோ ஹயசிந்த் இந்த மாதத்தில் பூக்காதே என்கிறாள், அவளுக்கு அவன் எதைப் பற்றிப் பேசுகிறான் என்றே புரியவில்லை. சாப்பாட்டு மேஜையில் நடக்கும் இந்த உரையாடல் புத்தகத்தின் மிக நல்ல இடங்களில் ஒன்று. மாயக் கதை எழுதுகிறவர்கள் பலரும் மாயத்தைச் சத்தம் போட்டுக் கொண்டுவருவார்கள். பியர்ஸ் அதைப் பூ பூக்கும் பருவத்தில் ஒரு சின்னப் பிசகாக வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

தோட்டத்தில் ஹாட்டி என்ற சிறுமி. தாய் தகப்பன் இல்லாதவள், பெரியம்மா வீட்டில் ஒட்டிக்கொண்டு வளர்கிறவள், தன்னை ஒரு இளவரசி என்று சொல்லிக்கொள்கிறவள். டாமை அவள் மட்டும்தான் பார்க்கிறாள், இன்னும் ஒருவர் பார்க்கிறார், அதைப் பிறகுதான் தெரிந்துகொள்வோம். அவனுக்குக் கால்தடம் விழாது, மூடிய கதவுக்குள் புகுந்து வருவான். யார் பேய் என்று இருவருக்கும் ஒருநாள் பெரிய சண்டை வருகிறது, நீதான் செத்தவள், இல்லை நீதான் என்று. அழுகையில் முடிகிற அந்தச் சண்டையை நான் தமிழில் சொன்னபோது அம்மா சிரித்துவிட்டு, கொஞ்சம் கழித்து, "ரெண்டும் பாவம்" என்றார்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் காலம் என்றால் என்ன என்று டாமும் சித்தப்பாவும் விவாதிக்கும் பகுதி இழுக்கிறது. ஆலன் சித்தப்பா பொறுமை இழப்பதற்கு முன்னாலேயே அம்மா இழந்துவிட்டார், நானும் நாலைந்து பக்கத்தைச் சுருக்கிச் சொல்லிக் கடந்தேன். தனியாகப் படித்தாலும் அங்கே வேகம் குறையும். இன்னொன்று, இந்தப் புத்தகத்தில் செடி கொடி மரங்களின் பெயர்கள் ஏராளம், யூ, பாக்ஸ் என்று வந்துகொண்டே இருக்கும். நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்த மரங்கள் வெறும் பெயராகத்தான் தெரியும். நான் போனில் படம் தேடிப் பார்த்துக்கொண்டேன், அது நிஜமாகவே உதவியது. யூ மரங்களின் அடர்த்தியான இருட்டு தெரியாமல் அந்தத் தோட்டத்தில் ஒளிந்து விளையாடுவது பிடிபடாது.

மொழி பற்றிப் பயப்பட வேண்டாம். எளிமையான ஆங்கிலம், இருநூறு பக்கத்தைக் கொஞ்சம் தாண்டும், அத்தியாயங்கள் சின்னது. பியர்ஸ் பல காலம் பிபிசி வானொலியில் பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளில் வேலை பார்த்தவர், வாய்விட்டு வாசித்தால் அது தெரிகிறது. வாக்கியங்கள் மூச்சுக்குச் சரியாக நிற்கின்றன. நான் மொழிபெயர்த்துச் சொல்லும்போதுகூட எங்கேயும் திணறவில்லை.

இனி வருவது கதையின் முடிவைச் சொல்லிவிடும். தெரியாமல் படிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு, புத்தகத்தை வாங்கிவிட்டு வாருங்கள். தெரிந்தாலும் கெட்டுப்போகாத கதை என்பது என் எண்ணம், ஏனென்றால் அம்மா முடிவைப் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டார், அதற்குப் பிறகுதான் இன்னும் கவனமாகக் கேட்டார். ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, ஹாட்டி பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு படுத்திருந்தவர், "இது மேல இருக்கிற அந்த அம்மாதானே?" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "கடிகாரத்துக்குச் சாவி குடுக்குறது யாரு? சாவி யார்கிட்ட இருக்கோ அவங்க வீடுதான் அது" என்றார்.

ஆமாம், திருமதி பார்த்தலோமியோதான் ஹாட்டி. டாம் போய்வந்த தோட்டம் அந்த அம்மா ராத்திரி கண்ட கனவு. அதனால்தான் அங்கே காலம் வரிசையாக ஓடவில்லை. ஒரு ராத்திரி மின்னல் விழுந்து சாய்ந்த மரம் அடுத்த தடவை நிமிர்ந்து நிற்கிறது, ஒருநாள் பெரிய பெண்ணாக இருந்த ஹாட்டி இன்னொரு நாள் கறுப்பு உடுப்பில், அப்பா அம்மாவை இழந்த புதிதில், குட்டிப் பெண்ணாக அழுதுகொண்டு நிற்கிறாள். அவருக்கு எந்த வயது ஞாபகம் வந்ததோ அந்த வயது. முதல் தடவை படிக்கும்போது இதெல்லாம் விநோதமாக இருந்தது. இரண்டாவது தடவை, தன் பழைய வீட்டின் மாடியில் தனியாகப் படுத்துக்கொண்டு அந்த அம்மா இன்றைக்கு எதை நினைத்திருப்பார் என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தேன். அம்மா அப்பா செத்ததை நினைத்த ராத்திரி இது. தோட்டத்தில் வில் அம்பு விளையாடியதை நினைத்த ராத்திரி அது. டாமுக்கு அவை சாகசங்கள்.

ஹாட்டி வளர்ந்துகொண்டே போகிறாள், டாம் வளரவில்லை. அவன் அதைக் கவனிப்பதும் இல்லை. இதுதான் என்னை இந்த முறை அதிகமாகப் படுத்தியது. பாவாடை நீளமாகிறது, பேச்சு குறைகிறது, அவள் மரம் ஏறுவதில்லை, டாம் கூடவே நின்று விளையாடக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். குளிரில் ஆறு உறைந்த நாளில் இருவரும் பனிச்சறுக்குக் காலணி போட்டுக்கொண்டு ஆற்றின் மேலேயே ஈலி நகரம் வரை போகிறார்கள். கேம்பிரிட்ஜ் பக்கத்துச் சதுப்பு நிலமான ஃபென்ஸில் குளிர் கடுமையாக இருந்தால் மக்கள் அப்படிச் சறுக்கிப் போவது நிஜமான வழக்கம். அந்தக் காலணியை டாம் பெறும் விதத்தை யோசித்துப் பார்த்தால் தலை சுற்றும்: நீ இந்த வீட்டைவிட்டுப் போகும்போது இதை உன் அறைத் தரைப்பலகைக்கு அடியில் ஒளித்து வை என்று ஹாட்டியிடம் கேட்டுக்கொண்டு, தன் காலத்துக்குத் திரும்பி வந்து, அதே அறையில் பலகையைப் பெயர்த்து எடுக்கிறான். கூடவே அவள் எழுதி வைத்த சீட்டு. ஒரு ஜோடிக் காலணி, இரண்டு காலத்தில் இரண்டு பேர் காலில்.

ஈலி பேராலயக் கோபுரத்தின் உச்சியில் தம்பி பீட்டர் வந்து நிற்கிறான், அவனும் கனவில் வந்தவன். டாமின் கடிதங்களில் படித்த ஹாட்டியைப் பார்க்க ஆசையாகத் தேடுகிறான். டாம் காட்டியதும், இது ஹாட்டி இல்லை, பெரிய பெண்ணாயிற்றே என்று கத்திவிடுகிறான். பெற்ற பிள்ளைகளைத் தினம் பார்த்துக்கொண்டே இருப்பதால் வளர்ந்தது தெரியாமல், ஊரில் இருந்து வரும் சொந்தக்காரர் சொல்லித் திடுக்கிடுவோமே, அந்தத் திடுக்கிடல் இங்கே ஒரு சின்னப் பையனுக்கு வருகிறது. திரும்பும் வழியில் ஒரு வண்டியில் அவள் பார்ட்டி என்கிற இளைஞனோடு பேசிக்கொண்டே வருகிறாள். டாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான், அவளுக்கு அவன் தெரியாமல் போய்க்கொண்டே இருக்கிறான்.

கடைசி ராத்திரி கதவைத் திறந்தால் தோட்டம் இல்லை. ஓடிப்போய்க் குப்பைத்தொட்டிகளில் மோதிக்கொண்டு ஹாட்டி, ஹாட்டி என்று அலறுகிறான், கட்டடமே விழித்துக்கொள்கிறது. மறுநாள் காலை மன்னிப்புக் கேட்க அவனை மாடிக்கு அனுப்புகிறார்கள். அங்கேதான் அந்த அம்மா, நீ என்னைத்தான் கூப்பிட்டாய், நான்தான் ஹாட்டி என்கிறார். தோட்டம் ஏன் காணாமல் போனது என்பதற்கும் பதில் அவரிடமே இருக்கிறது: நேற்று ராத்திரி என் கல்யாணத்தையும், கல்யாணமாகி இந்த வீட்டைவிட்டுப் போனதையும் கனவில் கண்டேன் என்கிறார். அவருக்குப் பிறந்தது இரண்டு பிள்ளைகள், இரண்டு பேரும் முதல் உலகப் போரில் செத்துப்போனார்கள். கணவரும் போன பிறகுதான் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறார். பிள்ளைகள் செத்ததைச் சொல்லும் இடத்தில் பியர்ஸ் ஒன்றையும் நீட்டி முழக்கவில்லை, இரண்டு மூன்று வரிதான். பதினொரு வயதில் அந்த வரிகளை நான் படித்ததாகவே ஞாபகம் இல்லை. இந்தத் தடவை அதைத் தமிழில் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

அப்புறம் அவர் ஒன்று சொல்கிறார். இந்தக் கோடையில் கண்ட அளவுக்கு அந்தத் தோட்டத்தை இதற்கு முன் எப்போதுமே கனவில் கண்டதில்லையாம். விளையாட ஒரு துணையும் விளையாட ஒரு இடமும் வேண்டும் என்று ஏங்கிய அந்தச் சின்ன ஹாட்டியின் மனது இவ்வளவு துல்லியமாகத் திரும்ப வந்ததும் இல்லையாம். டாம் சொல்கிறான், அது இரண்டும் எனக்கும் இந்தக் கோடையில் வேண்டியிருந்தது என்று. ஆக அந்தத் தோட்டத்தைக் கொண்டுவந்ததில் பாதி மாடியில் இருந்தவருடையது, பாதி கீழே தூக்கம் வராமல் கிடந்தவனுடையது. நிறைய மாயக் கதைகளில் வாசல் ஏன் திறந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. இந்தப் புத்தகத்தில் இருக்கிறது, இரண்டு பேரின் தனிமை ஒரே நேரத்தில் ஒரே வீட்டில் இருந்தது என்பதுதான் அது. பெரியவர்கள் இதைப் படித்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணமும் இதுதான்.

கடிகாரத்தின் மேல் ஒரு தேவதூதனின் படம், அதோடு சில சொற்கள், விவிலியத்தின் வெளிப்படுத்தின விசேஷம் பத்தாம் அதிகாரத்தில் இருந்து எடுத்தவை. தமிழ் வேதாகமத்தில் அந்த வரி "இனி காலம் செல்லாது" என்று இருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு எடுத்துப் பார்த்தேன். 'செல்லாது' என்ற சொல் எவ்வளவு சரியாக வந்து விழுந்திருக்கிறது பாருங்கள்: நகராது என்றும் ஆகிறது, செல்லுபடியாகாது என்றும் ஆகிறது.

பியர்ஸ் 1920ல் பிறந்தவர். அவர் அப்பா கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கிரேட் ஷெல்ஃபோர்டு என்ற ஊரில் மாவு ஆலை வைத்திருந்தவர், ஆற்றங்கரையில் ஆலை, அதையொட்டிய மில் ஹவுஸ், அதன் மதில் சூழ்ந்த தோட்டம். கதையில் வரும் வீடும் தோட்டமும் அதுதான். அந்த வீடு கைவிட்டுப் போகும் காலத்தில்தான் இதை எழுதினார். கணவர் சீக்கிரமே இறந்துபோக, ஒரே மகளைத் தனியாக வளர்த்து, பிற்பாடு அதே கிரேட் ஷெல்ஃபோர்டுக்குத் திரும்பி வந்து, வளர்ந்த வீட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு சின்ன வீட்டில் குடியிருந்து, 2006ல் காலமானார். முப்பத்தெட்டு வயதுக்காரி ஒரு கிழவியைக் கற்பனை செய்து எழுதிவிட்டு, பிறகு ஏறக்குறைய அவளைப் போலவே திரும்பி வந்து வாழ்ந்திருக்கிறார்.

வாங்குவதாக இருந்தால் சூசன் ஐன்சிக் வரைந்த பழைய படங்கள் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். கறுப்புக் கோட்டுச் சித்திரங்கள், இலைகளும் நிழலுமாக நெருக்கமாக இருக்கும், தோட்டம் எவ்வளவு பெரியது என்பதை முழுதாகக் காட்டாமல் விட்டிருப்பார். எடித் என்ற பிரெஞ்சு ஓவியர் இதைச் சித்திரக்கதையாகவும் செய்திருக்கிறார், ஆங்கிலத்தில் கிடைக்கிறது, எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதில் இருந்து ஆரம்பிக்கலாம். 1999ல் வந்த சினிமாவும் உண்டு, ஆனால் அதை முதலில் பார்க்க வேண்டாம். தோட்டத்தை நீங்களாக ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் பாருங்கள்.

கடைசி அத்தியாயத்தில் டாம் கிளம்பும் நேரம். திருமதி பார்த்தலோமியோவும் அவனும் மற்றவர்கள் முன்னால் முறையாகக் கைகுலுக்கி, மரியாதையாக நன்றி சொல்லி விடைபெறுகிறார்கள். மெதுவாகப் படி இறங்கியவன் ஒரு கணம் தயங்கி, திரும்பி, இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடுகிறான். மீதியை க்வென் சித்தி தன் கணவரிடம் சொல்கிற மாதிரி பியர்ஸ் எழுதியிருக்கிறார். என்ன நடந்தது என்று புரியாத, ஆனால் பார்த்ததை மறக்க முடியாத ஒருத்தியின் வாயால். இன்று காலைதான் முதல் முறையாகச் சந்தித்தவர்கள், பல வருடம் பழகினவர்கள் மாதிரி கட்டிக்கொண்டார்கள், அந்த அம்மா என்னவோ ஒரு சின்னப் பெண் என்பதுபோல அவன் இரண்டு கையாலும் சேர்த்து அணைத்துக்கொண்டான் என்கிறாள்.

இதைச் சொல்லி முடித்துப் புத்தகத்தை மூடினேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பையன் ஊருக்குப் போயிட்டான். அந்த அம்மா மறுபடி மேல தனியாத்தானேடி இருக்கணும்?" என்று கேட்டார். நான் திரும்பப் பக்கத்தைப் புரட்டி, கைகுலுக்கும்போது அவர் சொல்லும் ஒரு வரியைத் தேடி எடுத்தேன், நாம் மறுபடி சந்திப்பதை எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன் என்கிற வரி. அதைச் சொன்னேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, சொட்டு மருந்துக்கு நேரமாகிவிட்டதா என்று கேட்டார்.